விதர்ஸ் உயர்ந்த குதிரைக்குச் சேணம் பொருத்துவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரேஸ் ஓடி முடித்த தரோபிரெட் குதிரைகளை வாங்கியும் தத்தெடுத்தும் வளர்ப்பவர்கள் சென்னை, கோவை, பெங்களூரு பக்கம் நிறையப் பேர் இருக்கிறார்கள். குதிரை வீட்டுக்கு வந்த கொஞ்ச நாளில் எல்லாரும் ஒரே இடத்தில் வந்து நிற்பார்கள்: “எந்தச் சேணமும் இதுக்கு உட்காரமாட்டேங்குது.” பெரும்பாலும் காரணம் உயர்ந்த விதர்ஸ், அதாவது கழுத்தும் முதுகும் சேரும் இடத்தில் இருக்கும் மேடு. லாயத்தில் அடிக்கடி காதில் விழும் சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன். ஆங்கிலேய பாணிச் சேணத்தை மனதில் வைத்தே பதில்கள் எழுதப்பட்டவை.

சேணத்துல 17 இன்ச்னு போட்டிருக்கு. என் குதிரைக்கு அது சரியான அளவா?

அந்த 17 இன்ச் உங்களுக்கான அளவு. சேணத்தின் முன்பக்கம் இருக்கும் ஆணிக் குமிழிலிருந்து பின் விளிம்பின் நடுவரை அளந்து சொல்வது அது. ஏறி உட்காருபவரின் இடுப்பும் தொடையும் எவ்வளவு நீளம் என்பதைப் பொறுத்தது. குதிரைக்கும் அந்த எண்ணுக்கும் சம்பந்தம் மிகக் குறைவு. ஆனால் குட்டையான முதுகுள்ள குதிரையில் 18 இன்ச் சேணம் பின்னால் நீண்டுவிடும் என்பதை மறக்கக் கூடாது.

குதிரைக்கு முக்கியமானது உள்ளே மறைந்திருக்கும் சட்டம். அதைத்தான் ட்ரீ என்கிறார்கள். மரத்தாலோ பிளாஸ்டிக்காலோ செய்து, முன்வளைவில் இரும்புப் பட்டை கொடுத்திருப்பார்கள். இந்த முன்வளைவின் அகலமும், அது இரு பக்கமும் இறங்கும் சாய்வும் குதிரையின் தோளுக்கு ஒத்துப்போக வேண்டும். ட்ரீக்குக் கீழே முதுகைத் தொடும் இரண்டு மெத்தைகள்தான் பேனல். அவற்றின் வடிவமும் முதுகின் வளைவோடு ஒத்துப்போக வேண்டும்.

விதர்ஸ்னா எந்த இடம்? என் குதிரைக்கு அது உயரம்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் இடத்தில் பிடரிமயிருக்குப் பின்னால் ஒரு மேடு இருக்கும். அதுதான் விதர்ஸ். குதிரையின் உயரத்தை அளப்பதும் அங்கேதான். குதிரைக்கு நெஞ்சுப் பகுதியில் 18 முதுகெலும்புகள். அவற்றில் முன்பக்கம் உள்ள சிலவற்றின் மேல்முள் மிக நீளம். அந்த முள்களின் நுனிதான் மேடாகத் தெரிகிறது. அதற்குமேல் இருப்பது தோலும் கொஞ்சம் தசைநாரும்தான். பாரம் தாங்குவதற்கான இடம் அது அல்ல.

குதிரையின் பக்கத்தில் நின்று உள்ளங்கையை மேட்டிலிருந்து கீழே தோள்பட்டைக்குப் பின்னால் வரை தடவிப் பாருங்கள். கை சீராகச் சரிந்தால் நல்லது. மேட்டிலிருந்து செங்குத்தாக விழுந்து ஒரு பள்ளத்துக்குள் போய், பிறகு விலா மேல் ஏறினால், அதுதான் நாம் பேசப்போகும் முதுகு. பள்ளம் பெரும்பாலும் தசை குறைந்ததால் வந்தது. எலும்பு உயரத்தை மாற்ற முடியாது, பள்ளத்தை நிரப்ப முடியும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

ரேஸ் குதிரைங்களுக்கு மட்டும் ஏன் இப்படி இருக்கு?

இனத்திலேயே தரோபிரெட்டுக்கு மேடு உயரம், மார்பு குறுகல். அதோடு ரேஸுக்கென்று இரண்டு வயதிலேயே வேலை தொடங்கிவிடுகிறது. ஜாக்கி, கால் ஊன்றும் வளையமான அங்கவடியில் எழுந்து நின்று ஓட்டுபவர். ஓட்டநாளில் போடும் சேணமோ கைக்குட்டை போலச் சின்னது. ஒரு மனிதர் முதுகில் உட்கார்ந்து நிதானமாகச் சுமக்கச் சொல்லும் வேலையை அந்தக் குதிரை செய்ததே இல்லை. பந்தயம் முடிந்து தீவனமும் பயிற்சியும் மாறும்போது உடம்பு சட்டென்று இறங்கும். முதுகுத் தசை முதலில் கரையும்.

மார்வாரிக் குதிரைகளிலும் குறுகிய முதுகு பார்க்கலாம். வயதான எந்தக் குதிரைக்கும் முதுகு தொய்ந்து மேடு தூக்கித் தெரியலாம். ஊட்டி, கொடைக்கானலில் சவாரிக்கு நிற்கும் குள்ளக் குதிரைகள் பலவற்றுக்கு இதற்கு நேர்மாறான பிரச்சினை: மேடே இல்லாத உருண்டை முதுகு, சேணம் சுற்றிக்கொண்டே இருக்கும். அது வேறு கதை.

சேணம் வலிக்குதுன்னு குதிரை எப்படிக் காட்டும்?

சேணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வரும்போதே காதைப் பின்னால் மடிக்கும். வயிற்றுப் பட்டையான கர்த்தை இறுக்கும்போது திரும்பிக் கடிக்க வரும், வாலைச் சுழற்றும். ஏறும்போது நகர்ந்துகொண்டே இருக்கும். ஓட்டத்தில் தலையைத் தூக்கிக்கொண்டு முதுகைக் குழித்துப் போகும், ஒரு பக்கம் திரும்ப மறுக்கும், கேன்டர் என்னும் மிதமான பாய்ச்சலில் பின்காலை உதைக்கும். சில குதிரைகள் எதுவும் செய்யாமல் மந்தமாகிவிடும். “சோம்பேறி” என்று பெயர் வாங்கும் குதிரைகளில் பல இந்த வகை. என்னை மிகவும் வருத்துவது இவைதான், ஏனென்றால் யாரும் அவற்றின் முதுகைத் தொட்டுப் பார்ப்பதில்லை.

பிரிட்டனைச் சேர்ந்த கால்நடை மருத்துவர் சூ டைசன், சவாரியில் இருக்கும் குதிரை வலியைக் காட்டும் 24 நடத்தைகளைப் பட்டியலிட்டு 2018-இல் வெளியிட்டார். அவற்றில் எட்டோ அதற்கு மேலோ தெரிந்தால் எலும்பு அல்லது தசையில் வலி இருக்க வாய்ப்பு அதிகம் என்பது அவருடைய முடிவு. உங்கள் சவாரியை ஒருவரை போனில் வீடியோ எடுக்கச் சொல்லி, பிறகு நிதானமாகப் பாருங்கள். மேலே உட்கார்ந்திருக்கும்போது பாதி தெரியாது.

கர்த் இறுக்கும்போது கடிக்குது. சேணத்தை மாத்தினா நின்னுடுமா?

நிற்கலாம், நிற்காமலும் போகலாம். ரேஸ் பயிற்சியில் இருந்த குதிரைகளுக்கு வயிற்றுப்புண் மிகச் சாதாரணம். அதுவும் கர்த் இறுக்கும்போது இதே மாதிரிதான் காட்டும். முதுகெலும்பு முள்கள் ஒன்றோடொன்று உரசும் பிரச்சினையும் தரோபிரெட்டில் அதிகம். பல், லாடம், கால் வலி எல்லாம் சேணத்தின் மேல் பழி போடப்படும் காரணங்கள். அதனால் முதலில் குதிரை தெரிந்த கால்நடை மருத்துவர். சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மருத்துவர் பார்த்த பிறகு சேணத்துக்கு வருவதுதான் செலவும் குறைந்த வழி.

கர்த்தை எந்தக் குதிரைக்கும் ஒரே இழுப்பில் இறுக்காதீர்கள். தளர்வாகப் போட்டு, நாலடி நடத்தி, ஒரு துளை ஏற்றி, முன்கால் இரண்டையும் மெதுவாக முன்னால் இழுத்துத் தோல் மடிப்பை எடுத்துவிட்டு, அப்புறம் மீதி.

சேணம் பொருந்துதான்னு நானே பார்க்க முடியுமா? இங்கே அதுக்குன்னு ஆள் கிடையாது.

முடியும். சமதளத்தில் குதிரையை நான்கு காலும் சமமாக ஊன்றி நிற்கவைத்து, பேட் (சேணத்துக்கு அடியில் போடும் மெத்தை விரிப்பு) எதுவும் இல்லாமல் வெறும் முதுகில் சேணத்தை வையுங்கள். முதலில் வேண்டுமென்றே கொஞ்சம் முன்னால் வைத்து, பின்பக்கமாக நகர்த்துங்கள். ஓரிடத்தில் தானாக நிற்கும். அதுதான் அதன் இடம். பலர் இதைவிட முன்னால் வைத்துக் கட்டிவிடுகிறார்கள். குதிரைக்குக் காறையெலும்பு கிடையாது. தோள்பட்டை எலும்பு தசையால் மட்டுமே உடம்போடு ஒட்டியிருக்கிறது. முன்கால் முன்னால் போகும்போது அந்த எலும்பின் மேல்நுனி பின்னால் வரும். ஒருவரை முன்காலைத் தூக்கி இழுக்கச் சொல்லி நீங்கள் கையை வைத்துப் பாருங்கள், எவ்வளவு நகர்கிறது என்று தெரியும். ட்ரீயின் முனை அந்த எலும்புக்கு இரண்டு மூன்று விரல் பின்னால் இருக்க வேண்டும்.

அடுத்து, முன்பக்கப் பேனலுக்கு அடியில் கையை மேலிருந்து கீழாக நுழையுங்கள். எல்லா இடத்திலும் ஒரே அழுத்தம் வேண்டும். மேலே தளர்ந்து கீழே கவ்வினால் ட்ரீ குறுகல். மேலே அழுந்திக் கீழே தளர்ந்தால் அகலம். அப்படியே கையைப் பேனலோடு பின்பக்கம் கொண்டுபோங்கள். நடுவில் கை சுலபமாகப் புகுந்து, முன்னும் பின்னும் மட்டும் இறுக்கமாக இருந்தால், சேணம் பாலம் மாதிரி இரண்டு முனையில் நிற்கிறது என்று பொருள். மேடு உயர்ந்த, நடு முதுகு தாழ்ந்த குதிரைகளில் இது ரொம்ப சகஜம். பேனல் முழுக்கப் பரவ வேண்டிய உங்கள் எடை முன், பின் முனைகளில் மட்டும் இறங்கும்.

பிறகு பின்னால் நின்று குனிந்து பாருங்கள். இரண்டு பேனலுக்கும் நடுவில் முன்புற வெளிச்சம் தெரிய வேண்டும். அந்த இடைவெளி மூன்று விரலாவது அகலமாக, முன்னிருந்து பின்வரை குறையாமல் இருக்க வேண்டும். முதுகெலும்புக்கு மேல் எதுவும் படவே கூடாது. கடைசியாக நீளம். பக்கவாட்டில் கடைசி விலா எலும்பைக் கண்டுபிடித்து, அதை விரலால் தொட்டுக்கொண்டே முதுகுவரை போங்கள். பேனல் அந்த இடத்தைத் தாண்டிப் பாரம் ஏற்றக் கூடாது.

உட்காரும் இடத்தில் ஒரு உருண்டைப் பென்சிலைக் குறுக்காக வைத்து விடுங்கள். உருண்டு போய் நடுவில் நின்றால் சமநிலை சரி. பின்பக்கம் ஓடினால் முன்பக்கம் தூக்கியிருக்கிறது. முன்னால் வந்து நின்றால் சேணம் மேட்டின் மேல் இறங்கியிருக்கிறது.

விதர்ஸுக்கு மேல மூணு விரல் நுழையுது. அப்ப சரிதானே?

ஆளில்லாமல் மூன்று விரல் நுழைவதை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஏறி உட்கார்ந்ததும் அது ஒன்றரை விரலாகலாம். அரைமணி நேரம் ஓட்டி, பஞ்சும் பேட்டும் அமுங்கிய பிறகு ஒன்றுமே இல்லாமல் போகலாம். இறங்குவதற்கு முன் உட்கார்ந்தபடியே விரலை நுழைத்துப் பார்ப்பதுதான் உண்மையான சோதனை. மேடு உயர்ந்த குதிரைக்கு மேலே மட்டும் பார்த்தால் போதாது, மேட்டின் இரு பக்கமும் சட்டம் உரசாமல் இடம் வேண்டும். காயம் அதிகம் வருவது அந்தப் பக்கவாட்டில்தான்.

இன்னொரு பொறி இருக்கிறது. ட்ரீ மிகக் குறுகலாக இருந்தாலும் மேலே இடைவெளி தாராளமாகத் தெரியும், ஏனென்றால் சேணம் இறங்க முடியாமல் தோளைக் கவ்விக்கொண்டு மேலே நிற்கிறது. அதனால் இந்தச் சோதனையைத் தனியாகச் செய்யாமல், மேலே சொன்ன கை நுழைக்கும் சோதனையோடு சேர்த்தே செய்யுங்கள்.

வியர்வைத் தடத்தைப் பார்த்தாலே தெரியும்ங்கறாங்களே?

ஓரளவு. சேணத்தை எடுத்ததும் முதுகு முழுக்க நனைந்து ஓரிடம் மட்டும் உலர்ந்திருந்தால் இரண்டு காரணம் இருக்கலாம்: அங்கே அழுத்தம் அதிகமாகி வியர்வை சுரக்கவில்லை, அல்லது அங்கே பேனல் தொடவே இல்லை. கையால் தடவி, அந்த இடம் சூடாகவோ வீங்கியோ இருக்கிறதா, அழுத்தினால் குதிரை முதுகைக் கீழே இறக்குகிறதா என்று பார்த்தால்தான் எது என்று தெரியும். சென்னை வெயிலில் குதிரை தொப்பலாக நனைந்துவிடும்போது தடமே தெரியாது. முடி எதிர்த்திசையில் கலைந்திருக்கிறதா என்பது அதைவிட நல்ல தடயம், ஏனென்றால் சேணம் அங்கே நகர்ந்து உரசுகிறது.

சவாரி முடிந்து 20 நிமிடம் கழித்து மறுபடி ஒருமுறை முதுகைத் தடவுங்கள். அழுந்தியிருந்த இடம் அப்போதுதான் புடைத்துக்கொண்டு வரும். குளிப்பாட்டி விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுபவர்கள் இதைப் பார்ப்பதே இல்லை.

மேட்டுக்குப் பக்கத்துல வெள்ளை முடி இருக்கு. வயசானதாலயா?

முகத்தில் நரைப்பது வயதால். சேணம் படும் இடத்தில் திட்டாக வெள்ளை முளைப்பது, எப்போதோ அழுத்தம் பட்டு முடிக்கு நிறம் கொடுக்கும் செல்கள் செத்துப்போனதால். பழைய காயத்தின் தழும்பு அது. இப்போதைய சேணம்தான் காரணம் என்று அர்த்தமில்லை. வாங்கின நாளில் எல்லாத் திட்டையும் போட்டோ எடுத்து வையுங்கள். புதிதாக ஒன்று வந்தால் அது உங்கள் சேணத்தின் வேலை.

பேட் ரெண்டு போட்டா சரியாகிடாதா?

இந்தக் கேள்வியைத்தான் அதிகம் கேட்கிறார்கள். சேணம் குறுகலாக இருந்தால் பேட் சேர்ப்பது இறுக்கத்தை அதிகமாக்கும். ஏற்கெனவே தோளைக் கவ்வுகிற சட்டத்துக்கு உள்ளே இன்னும் கனத்தைத் திணிக்கிறீர்கள். குதிரை நன்றாக இருக்கிறது என்று முதல் இரண்டு நாள் தோன்றும், பிறகு மோசமாகும்.

சேணம் கொஞ்சம் அகலமாக இருந்தால் மட்டும் பேட் உதவும். மேடு உயர்ந்த குதிரையின் பள்ளத்தை நிரப்ப, தோளுக்குப் பின்னால் முன்பக்கம் மட்டும் கனம் கொடுக்கும் பேட்கள் உண்டு. எந்தப் பேட் போட்டாலும் கர்த் கட்டுவதற்கு முன், மேட்டின் மேல் பேட்டைப் பிடித்துச் சேணத்தின் முன்வளைவுக்குள் நன்றாகத் தூக்கிவிடுங்கள். இழுத்துக் கட்டிய துணி மேட்டின் மேல் தம்பூரா தந்தி மாதிரி விறைத்து நின்றால், சேணம் எவ்வளவு நல்லதாக இருந்தும் பயனில்லை. நடுவில் முதுகெலும்பின் வளைவுக்கு ஏற்றபடி தைத்த பேட் இந்தக் குதிரைகளுக்கு அவசியம், நேராக வெட்டித் தைத்தது கீழே இழுத்துக்கொண்டே வரும்.

பேட்டைத் துவைக்காமல் அடுத்த நாள் போடாதீர்கள். நம் ஊர் ஈரத்தில் உப்பு காய்ந்து விறைத்த பேட், உப்புத்தாள் போல் தேய்க்கும்.

ஷிம் வைக்கச் சொல்றாங்க. எங்கே வைக்கறது, எவ்வளவு வைக்கறது?

ஷிம் என்பது பேட்டின் உறைக்குள் செருகும் மெல்லிய ஃபெல்ட் அல்லது ஃபோம் துண்டு. முன்பக்கம் தாழ்ந்தால் முன்னால், பாலம் கட்டினால் நடுவில், ஒரு தோள் சிறிதாக இருந்தால் அந்தப் பக்கம். பெரும்பாலான குதிரைகளுக்கு இரண்டு தோளும் ஒரே அளவில் இருக்காது. பெரிய தோளுக்குச் சேணத்தின் அகலத்தைப் பொருத்திவிட்டு, சிறிய பக்கத்தில் ஷிம் வைத்துச் சமப்படுத்த வேண்டும். மாற்றிச் செய்தால் பெரிய தோள் நசுங்கும்.

ஓரத்தைச் சரிவாகச் சீவி வையுங்கள், செங்குத்து விளிம்பு அப்படியே முதுகில் பதியும். ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று தேவைப்பட்டால், அந்தச் சேணம் இந்தக் குதிரைக்கு இல்லை.

முன்வளைவை மாத்திக்கிற சேணம் வாங்கினா எல்லாம் தீர்ந்திடுமா?

விண்டெக் போன்ற சில சேணங்களில் முன்வளைவு இரும்பைக் கழற்றி வேறு அகலத்தில் மாட்டலாம். அகலத்துக்கு ஒரு நிறம் கொடுத்திருப்பார்கள். மிகக் குறுகலுக்கு மஞ்சள், அடுத்து பச்சை, நடுத்தரத்துக்குக் கறுப்பு, பிறகு நீலம், சிவப்பு என்று அகலம் கூடும். உடம்பு ஏறி இறங்கும் குதிரைக்கு இது உண்மையாகவே கைகொடுக்கும். ரேஸிலிருந்து புதிதாக வந்த குதிரைக்கு முதல் ஒரு வருடம் இப்படி ஒன்று போதும் என்பது என் கருத்து.

ஆனால் மாறுவது முன்பக்க அகலம் மட்டும். ட்ரீ முன்னிருந்து பின்வரை எவ்வளவு வளைந்திருக்கிறது என்பது மாறாது. உங்கள் பிரச்சினை பாலம் கட்டுவது என்றால் எந்த நிறத்தை மாட்டினாலும் அது போகாது. அகலம் மாற்றிய பிறகு முன்பக்கம் உயர்ந்தோ தாழ்ந்தோ போகும், பென்சில் சோதனையை மறுபடி செய்யுங்கள்.

கான்பூர்ல சேணம் செய்யச் சொல்லலாம்னு இருக்கேன். குதிரையைக் காட்டாம அளவு எப்படி அனுப்பறது?

நம் நாட்டில் சேணம் செய்வதற்குப் பெயர்போன ஊர் கான்பூர். பிரிட்டிஷ் ராணுவத்துக்குச் செய்து கொடுத்துப் பழகிய தொழில், இன்று வெளிநாட்டுக்கும் போகிறது, புவிசார் குறியீடும் வாங்கியிருக்கிறது. நல்ல பட்டறைக்குச் சரியான அளவு கொடுத்தால் நல்ல சேணம் வரும். “மீடியம் அனுப்புங்க” என்று மட்டும் சொன்னால் மீடியம்தான் வரும், அதிலும் ஒரு பட்டறையின் மீடியம் இன்னொரு பட்டறைக்கு ‘நேரோ’, அதாவது குறுகல்.

வரைபடம் வரைபவர்களுக்கு விற்கும், வளைத்தால் அப்படியே நிற்கும் ரப்பர் ஸ்கேல் ஒன்று வாங்குங்கள். 60 செ.மீ. நீளமாவது வேண்டும். குதிரை தலையை இயல்பான உயரத்தில் வைத்து நிற்கட்டும். புல் மேயும்போது எடுத்தால் முதுகு வடிவமே வேறு. தோள்பட்டை எலும்புக்கு மூன்று விரல் பின்னால் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, அதன் மேல் ஸ்கேலை அழுத்தி வளைத்து, வடிவம் கலையாமல் தூக்கி அட்டையில் வைத்து உள்விளிம்பை வரையுங்கள். அடுத்த கோடு முதுகின் மிகத் தாழ்ந்த இடத்தில், மூன்றாவது கடைசி விலாவுக்கு நேரே. பிறகு நீளவாக்கில், மேட்டின் பின்சரிவிலிருந்து கடைசி விலாவரை முதுகெலும்புக்கு மேலேயே ஒன்று. ஒவ்வொன்றிலும் இடது, வலது, தேதி எழுதுங்கள். ஒவ்வொரு இடத்திலும் இரண்டு முறை வரைந்து, இரண்டும் ஒன்றாக வந்தால்தான் நம்புங்கள்.

அட்டையை வெட்டி குதிரையின் மேலேயே மாட்டிப் பாருங்கள். வெளிச்சம் தெரியாமல் உட்கார்ந்தால் வரைந்தது சரி. அதோடு இரு பக்கமும், பின்னால் உயரத்தில் இருந்தும் எடுத்த போட்டோ, உங்கள் எடை, உயரம், எந்த வகைச் சவாரி என்பதையும் அனுப்புங்கள். பேனலுக்குள் கம்பளிப் பஞ்சு வைக்கச் சொல்லிக் கேளுங்கள். ஃபோம் என்றால் பிறகு கூட்டிக் குறைக்க வழியில்லை.

பழைய சேணம் ஒண்ணு மலிவா வருது. என்ன பார்த்து வாங்கணும்?

ட்ரீ உடைந்திருக்கிறதா என்பதுதான் முதல் விஷயம். முன்வளைவின் இரண்டு கால்களையும் கையால் பிடித்து உள்ளே நெருக்கி, வெளியே விரித்துப் பாருங்கள். அசைந்தாலோ கிறீச்சென்று சத்தம் வந்தாலோ வேண்டாம். முன்பக்கத்தை வயிற்றில் ஊன்றி, பின் விளிம்பை உங்கள் பக்கம் இழுங்கள். கொஞ்சம் ஸ்பிரிங் மாதிரி கொடுப்பது சில ட்ரீக்கு இயல்பு, நடுவில் தோல் சுருங்கி மடிந்தால் உடைந்திருக்கிறது. கவிழ்த்துப் போட்டு இரண்டு பேனலும் ஒரே கனத்தில் இருக்கிறதா, ஒன்று கோணியிருக்கிறதா என்று பாருங்கள். கட்டி கட்டியாக இறுகிய பஞ்சை மாற்றலாம். உடைந்த ட்ரீயோடு எந்த விலையும் மலிவில்லை.

கர்த் இறுக்கினாலும் சேணம் பின்னாலயே போகுது.

மார்பு ஆழமாக இருந்து வயிறு உள்ளே ஏறியிருக்கும் ஒல்லிக் குதிரைகளுக்கு இது நடக்கும். கர்த் குறுகலான பக்கம் தேடிப் போகும், சேணம் கூடவே போகும். இன்னும் இறுக்குவது தீர்வு அல்ல. மூச்சும் தடைபடும், முழங்கைக்குப் பின்னால் புண்ணும் வரும். மார்புப் பட்டை ஒன்று போடுங்கள், கழுத்தை அறுக்காத அளவு தளர்வாக. ட்ரீ குறுகலாக இருந்தாலும் தோள் ஒவ்வொரு அடிக்கும் சேணத்தைப் பின்னால் தள்ளும், அதை முதலில் விலக்கிவிட்டுப் பட்டைக்கு வாருங்கள்.

எனக்கு ஒரு பக்கமாவே சாயுது. நான் கோணலா உட்கார்றேன்னு சொல்றாங்க.

இருக்கலாம். அங்கவடி வார் இரண்டையும் கழற்றி ஒன்றின் பக்கத்தில் ஒன்று வைத்து அளந்து பாருங்கள், எப்போதும் இடது பக்கம் ஏறுவதால் இடது வார் நீண்டிருக்கும். தரையிலிருந்து ஏறாமல் திட்டின் மேல் நின்று ஏறுங்கள். தோள் வித்தியாசத்துக்கு மேலே ஷிம் கேள்வியில் சொன்னதைச் செய்யுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் வேறொருவர் உட்கார்ந்தாலும் அதே பக்கம் சாய்ந்தால், குதிரையின் பின்காலைச் சந்தேகப்படுங்கள். ஆய்வாளர் லைன் கிரீவும் முன்பு சொன்ன சூ டைசனும் சேர்ந்து செய்த ஆய்வுகளில், சேணம் ஒரு பக்கம் நழுவும் குதிரைகளில் பலவற்றுக்குப் பின்காலில் நொண்டல் இருந்தது. மரத்துப்போக ஊசி போட்டு அந்த வலியை நிறுத்தியதும் சேணம் நேராக நின்றது. கண்ணுக்குத் தெரியாத அளவு லேசான நொண்டலை, சேணம் முதலில் காட்டிக்கொடுக்கும்.

ட்ரீ இல்லாத சேணம் எல்லாக் குதிரைக்கும் பொருந்துமாமே?

உயர்ந்த மேட்டுக்கு நான் சொல்லமாட்டேன். மேட்டைத் தூக்கிப் பிடிக்க உள்ளே சட்டம் இல்லாததால், உங்கள் எடையில் அது கீழே இறங்கி எலும்பின் மேல் படும். அங்கவடி தொங்கும் இடத்தில் அழுத்தமும் குவியும். முதுகெலும்புக்கு வாய்க்கால் விட்ட தடித்த பேட்டோடு, லேசான எடையுள்ளவர் கொஞ்ச நேரம் நடைச் சவாரி போகலாம், அவ்வளவுதான்.

குதிரை இப்ப மெலிஞ்சிருக்கு. இப்பவே சேணம் வாங்கணுமா, உடம்பு தேறின பிறகா?

ஆறு மாதத்தில் மாறப்போகும் முதுகுக்கு விலை உயர்ந்த சேணம் செய்து வாங்குவது வீண். ஆனால் “பிறகு பார்த்துக்கலாம்” என்று இருக்கிற சேணத்தில் ஓட்டினால் அந்தத் தசை வளரவே வளராது. பள்ளத்தில் அழுத்தம் படும்வரை பள்ளம் நிரம்பாது. கொஞ்சம் அகலமான, மாற்றக்கூடிய சேணத்தை ஷிம்மோடு சமாளித்து, தசை ஏற ஏற ஷிம்மைக் குறைத்துக்கொண்டே வருவதுதான் சரியான வழி.

சவாரியைக் குறைத்துக் கீழிருந்து வேலை கொடுங்கள். நீண்ட கயிற்றில் தலை தாழ்த்தி நடக்கவிடுவது, தரையில் கட்டைகளைப் போட்டுத் தாண்டி நடக்கவைப்பது, சரிவான நிலத்தில் ஏற்றி இறக்குவது. தினமும் கேரட்டைக் காட்டி மார்புக்கு, இடுப்புக்கு, முன்கால் நடுவுக்கு எனத் தலையைக் கொண்டுவரச் செய்யும் பயிற்சி ஒன்று உண்டு. மூன்று மாதம் அதைச் செய்த குதிரைகளில் முதுகெலும்பை ஒட்டிய ஆழ்தசை பருத்ததை 2011-இல் வந்த ஆய்வொன்று அளந்து காட்டியது. செலவு ஒரு கேரட், தினம் பத்து நிமிடம்.

ஆறு மாசத்துக்கு முன்ன கச்சிதமா இருந்த சேணம் இப்ப ஏன் ஆகலை?

குதிரை மாறியிருக்கும், அல்லது பஞ்சு அமுங்கியிருக்கும். புதுச் சேணத்தில் முதல் சில மாதத்திலேயே பஞ்சு படியும், அப்போது ஒருமுறை நிரப்பியே ஆக வேண்டும். கான்பூர் கேள்வியில் சொன்னபடி வெட்டிய பழைய அட்டை வார்ப்பை எடுத்துக் குதிரையின் மேல் மாட்டுங்கள். அட்டை பொருந்தினால் மாறியது சேணம். பொருந்தாவிட்டால் மாறியது குதிரை. தேதி எழுதச் சொன்னது இதற்காகத்தான். வருடத்துக்கு இரண்டு முறையாவது வரைந்து வையுங்கள், இளம் குதிரைக்கும் தேறிவரும் குதிரைக்கும் இன்னும் அடிக்கடி.

மேட்டுல சின்னப் புண். நாளைக்கு ஷோ இருக்கு. பேட்ல ஓட்டை வெட்டிப் போட்டுக்கலாமா?

கூடாது. ஓட்டையின் விளிம்பு புண்ணைச் சுற்றி வளையமாக அழுத்தும், உள்ளே வீக்கம் கூடும். மேட்டின் மேல் தோலுக்கும் எலும்புக்கும் நடுவில் இருப்பது கொஞ்சம்தான் என்று முன்பே சொன்னேன். அங்கே சீழ் ஆழமாக இறங்கினால் மாதக்கணக்கில் இழுக்கும், சில குதிரைகளுக்கு அத்தோடு சவாரியே முடிந்துபோகும். தோல் மூடி, முடி முளைத்து, அழுத்தினால் குதிரை சுளிக்காதவரை முதுகில் எதுவும் வேண்டாம். ஷோவுக்குப் பெயரை வாபஸ் வாங்குங்கள்.

எங்க ரைடிங் ஸ்கூல்ல பத்து குதிரை, நாலு சேணம்தான். ஒவ்வொண்ணுக்கும் தனியா வாங்க வசதியில்லை.

இந்தப் பிரச்சினை குதிரைப்படைக்கும் இருந்தது. பிரிட்டிஷ் ராணுவத்தின் 1912 மாதிரிச் சேணத்தில் முன்வளைவின் பக்கப் பலகைகள் கீல் மாதிரி அசையும், வெவ்வேறு முதுகில் உட்காருவதற்காக. அடியில் போடும் கம்பளியை, குதிரை மெலிந்தால் ஒரு மாதிரி, தேறினால் ஒரு மாதிரி மடிக்கச் சிப்பாய்களுக்குக் கற்றுக் கொடுத்தார்கள். மடிப்பைச் சரியாகப் போடாதவன் குதிரையை இழந்தான்.

நீங்கள் பத்து குதிரைக்கும் அட்டை வார்ப்பு எடுங்கள். தரையில் பரப்பிவைத்துப் பார்த்தால் அவை மூன்று நான்கு கூட்டமாகப் பிரியும். கூட்டத்துக்கு ஒரு சேணம், சேணத்தின் அடியில் அந்தக் குதிரைகளின் பெயர்ச்சீட்டு, குதிரைக்கு ஒன்றாகத் தனிப் பேட், ஷிம் எங்கே என்று பேட்டிலேயே குறி. குதிரைக்காரரிடம் இந்தச் சீட்டைப் படித்துக் காட்டி, மாற்றிப் போடக் கூடாது என்று சொல்லிவையுங்கள். காலையில் முதலில் முதுகைத் தொடுவது அவர்தான், எங்காவது சூடாகவோ வீங்கியோ இருந்தால் வகுப்பை நிறுத்தச் சொல்லும் உரிமை அவருக்கு வேண்டும். எந்தக் கூட்டத்திலும் சேராத ஒன்றிரண்டு குதிரை கட்டாயம் இருக்கும், பெரும்பாலும் அது அந்த ரேஸ் குதிரையாகத்தான் இருக்கும். ஐந்தாவது சேணம் வாங்கும்வரை அதைக் கயிற்றில் மட்டும் வேலை வாங்குங்கள்.